ஏழாம் படிவத்துப் பெண்கள்

பங்குனி மாதத்து மூன்றாம் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அதுவரை எந்த வயிற்றிலும் பிறக்காத, எந்தப் பாயிலும் படுக்காத, எந்த வெயிலிலும் நிற்காத இருநூற்றுப் பதினாறு பெண்கள் கோயம்புத்தூர் சென்னியப்பா அறக்கட்டளையின் வாசலில் வரிசையாக வந்து நின்றபோது, காவலாளி பொன்னுச்சாமிக்கு எழுந்த ஒரே சந்தேகம், இத்தனை பேருக்கு வருகையாளர் அட்டை போதுமா என்பதுதான். பெயர், வயது, கணவர் பெயர், ஊர், பெற்ற பயிற்சி என்று ஏழாம் படிவத்தின் கட்ட வரிசையிலேயே ஒவ்வொருத்தியும் ஒப்பித்தாள். ஒப்பித்து முடித்ததும் "மகிழ்ச்சிங்க" என்றாள். பொன்னுச்சாமி பதிவேட்டில் எழுதி எழுதி நாற்பதாவது ஆளோடு கை வலி கண்டு, மீதிப் பேரை அப்படியே உள்ளே விட்டுவிட்டு, மாடியில் இருந்த மானியப் பிரிவுக்கு ஃபோன் போட்டான்.

"மேடம், உங்க ஏழாம் படிவம் வந்திருக்குதுங்க" என்றான். "பேப்பரா இல்லீங்க. ஆளா வந்திருக்குது."

மானியப் பிரிவின் தலைவி கோகிலவாணி ஃபோனை வைத்துவிட்டு மாடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு வயது. பத்தொன்பது வருடங்களாக, பம்ப் செட்டு விற்றுச் சேர்த்த அந்தக் குடும்பத்துச் சொத்தில் எந்தத் தொண்டு நிறுவனத்துக்கு எவ்வளவு போகலாம், போனது போன இடத்தில் வேலை செய்ததா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. முந்நூறு தொண்டு நிறுவனங்களை நடத்துகிறவர்கள் அவள் பெயரைக் கேட்டால் சட்டைப் பித்தானைச் சரி செய்துகொள்வார்கள். ஏழாம் படிவம் அவளே கண்டுபிடித்தது. அதற்கு முன்னால் நிறைவு அறிக்கைகளில் வெறும் எண்ணிக்கைதான் இருக்கும். எண்ணிக்கை வாய் கூசாமல் பொய் சொல்லும், பெயர் அப்படிச் சொல்லாது என்று நம்பிய கோகிலவாணி, பயன் பெற்ற ஒவ்வொருவரையும் ஏழாம் படிவத்தில் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்று விதி வைத்தாள். அதோடு விட்டாளா? பட்டியலில் ஒரு பெயர் தவறென்று தெரிந்தாலும் பட்டியல் முழுவதும் ரத்து என்று கீழே இன்னொரு வரியையும் சேர்த்தாள்.

அப்படிப்பட்டவள் பத்தொன்பது வருடத்தில் ஒரே ஒரு முறை தவறினாள், அதுவும் அந்தத் தை மாதத்தில்தான். அறக்கட்டளையின் பொன்விழாவுக்குப் புத்தகம் அச்சாகிக்கொண்டிருந்தது. ஒரு லட்சம் பேர் வாழ்வில் ஒளி என்று அட்டையில் போட்டாயிற்று. கூட்டிப் பார்த்தால் இருநூற்றுப் பதினாறு பேர் குறைகிறார்கள். அறக்கட்டளைத் தலைவர் அவளை அழைத்து அட்டையை மட்டும் காட்டினார். அவள் தன் அறைக்கு வந்து, பெண்களுக்குத் தையல் பயிற்சி தருவதாக மானியம் வாங்கிப் பயிற்சியை இன்னும் தொடங்காமல் இருந்த சுதந்திரராஜன் என்பவருக்கு ஃபோன் செய்து, "உங்க நிறைவு அறிக்கை நாளைக்கு வேணும், இருநூத்திப் பதினாறு பேரு, பட்டியலோட" என்றாள். மறுநாள் மத்தியானமே பட்டியல் வந்தது.

சுதந்திரராஜன் பெயர் சொல்ல, அவர் மனைவி எழுதியிருக்கிறாள். நூறு பெயருக்கு மேல் யாருக்கும் கற்பனை ஓடாது. நூற்றுப் பதினேழாவது வரியில் சொர்ணாத்தாள் என்று சொல்லிவிட்டு, அடுத்தவளுக்குப் பெயர் கிடைக்காமல் கணவர் பெயரை முதலில் யோசித்து, அதுவும் கிடைக்காமல் "மேற்படி" என்றிருக்கிறார். அந்த அம்மாள் அதைப் பெயர்க் கட்டத்தில் எழுதிவிட்டு அடுத்த கட்டங்களிலும் அதையே போட்டுவிட்டாள். கையெழுத்துப் போடும்போது கோகிலவாணியின் கண் நூற்றுப் பதினெட்டாம் வரியில் நின்றது. நன்றாகவே நின்றது. பிறகு பேனா நகர்ந்தது.

இப்போது அந்த நூற்றுப் பதினெட்டாம் வரி, நீல நூல் சேலை கட்டிக்கொண்டு, கூடத்தில் சொர்ணாத்தாளுக்குப் பின்னால் நின்றது.

அன்றைக்கு மதியம் கேன்டீனில் சாம்பாரில் தண்ணீர் ஊற்றி எல்லாரையும் சமாளித்தார்கள். மறுநாளே பயிற்சிக் கூடத்தில் பாய் விரித்தாயிற்று. மூன்றாம் நாள் அலுவலகத்துப் பெண் ஒருத்தி கிழிந்த ரவிக்கையைக் கொடுத்துப் பார்க்க, அளவு கூட எடுக்காமல் அவர்கள் தைத்துக் கொடுத்தது அவள் உடம்பிலேயே பிறந்தது போலப் பொருந்தியது; எல்லா வகைத் தையலிலும் முழுத் தேர்ச்சி பெற்றனர் என்று அறிக்கையில் எழுதியிருந்ததே, அது வீண் போகுமா. வாரம் முடிவதற்குள் கல்யாண வீட்டுக்காரர்கள் ஜாக்கெட் துணியோடு கேட்டில் வரிசை கட்டினார்கள், திருப்பூரிலிருந்து பனியன் கம்பெனி வேன்கள் தையல் இயந்திரங்களோடு வந்து நின்றன, பயனாளி கையால் தைத்தது என்று சொல்லிக்கொள்வது பீளமேட்டில் ஒரு பெருமை ஆகிவிட்டது. டாக்டர் ஒருவர் வந்து நாடி பிடித்துப் பார்த்து, எல்லாருக்கும் எழுபத்திரண்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பத்திரிகையில் ஒரு நாள் இவர்கள் செய்தி வந்தது. மறுநாள் தங்கம் விலை ஏறியதால் அந்த இடத்தில் தங்கம் வந்தது.

உண்மையில் அதிர்ந்து போனவர்கள் மற்ற தொண்டு நிறுவனத்துக்காரர்கள்தான். பதிமூன்று பேர் ஒரே வாரத்தில் ஓடி வந்து தங்கள் பழைய அறிக்கைகளைத் திருப்பிக் கேட்டார்கள். நானூறு வெள்ளாடு கொடுத்ததாக எழுதியிருந்த ஒருவர், அது நாலு என்று வாசிக்கப்பட வேண்டும் என்று பதிவுத் தபாலில் திருத்தம் அனுப்பினார். ஏரி வெட்டியதாகச் சொன்னவர் ஃபோனை அணைத்துவிட்டு எங்கேயோ போய்விட்டார்.

அந்தப் பெண்களிடம் அறிக்கையில் இல்லாத எதுவும் இல்லை. அம்மா பெயர் என்ன என்று கேட்டால் தரையைப் பார்ப்பார்கள். அந்தப் படிவத்தில் அம்மாவுக்குக் கட்டம் கிடையாது. அறிக்கையின் கடைசி வரியில் பயனாளிகள் தங்கள் மகிழ்ச்சியைத் தெரிவித்தனர் என்று சுதந்திரராஜன் வழக்கம் போல எழுதி வைத்ததால், ஊசி குத்தினாலும் மகிழ்ச்சி, குழம்பு கொட்டிக் கால் வெந்தாலும் மகிழ்ச்சி. முதலில் அதைக் கேட்டுச் சிரித்த அலுவலகம், பத்து நாளில் அதைக் கேட்கப் பிடிக்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளத் தொடங்கியது.

இரண்டாம் நாளிலிருந்தே கேட்டுக்கு வெளியே இன்னொரு கூட்டமும் உட்கார்ந்திருந்தது. பட்டியலில் ஊர் என்று எழுதியிருந்த கல்லாங்காட்டுவலசிலிருந்து வந்த நிஜமான பெண்கள், பத்துப் பேர். அவர்களுக்கு முன்னே மயிலாத்தாள். கரடு என்கிற பாறைக் குன்றின் அடியில் சோளம் விதைத்து, நாற்பது வீட்டுக்கும் சேர்த்துச் சண்டை போட்டே தொண்டை தடித்தவள்.

"எங்கூருப் பேரச் சொல்லி வந்த தையல யாருங்க கத்துக்கிட்டது?" என்று அவள் கோகிலவாணியைக் கேட்டாள். "நாங்க ஒருத்தரும் கத்துக்கலீங்களே. கேட்டா, உங்கூருக்குக் குடுத்தாச்சு, இனி அஞ்சு வருசத்துக்குக் கெடையாதுங்கறீங்க."

ஒரு ஊருக்கு ஒரு மானியம், பிறகு ஐந்து வருடம் இடைவெளி. அதுவும் கோகிலவாணியின் விதிதான். அவள், "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள். மயிலாத்தாள் சாப்பிட்டாள், போகவில்லை.

பன்னிரண்டாம் நாள் நடந்ததைப் பற்றி அலுவலகத்தில் யாரும் இப்போதும் உரக்கப் பேசுவதில்லை. பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்த குமாஸ்தா ஒருவர், ஒரு காரணமும் இல்லாமல், கைப்பழக்கத்தில், மூன்றாம் வரியின் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். அதே நேரம் கீழே கேன்டீனில் மயிலாத்தாளுக்கு எதிரே உட்கார்ந்து தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்த மூன்றாம் வரிக்காரி, பல முறை துவைத்த துணி போல வெளுக்கத் தொடங்கினாள். அவளுக்குப் பின்னால் இருந்த தண்ணீர்க் குழாய் அவள் முகத்தின் வழியாகத் தெரிந்தது. அவள் தன் கையைப் பார்த்தாள், மயிலாத்தாளைப் பார்த்தாள், கண்ணில் பயம் இருந்தது, வாய் மட்டும் "மகிழ்ச்சிங்க" என்றது. மயிலாத்தாள் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து எல்லாரும் ஓடி வந்தார்கள். குமாஸ்தாவுக்கு விஷயம் புரிந்து, ரப்பரை எடுத்து அழிக்க, அவள் திரும்ப வந்து ஊறுகாய் கேட்டாள். பென்சில் தடம் முழுதாகப் போகாதல்லவா, அதனால் அவள் வலது கை மட்டும் கடைசி வரைக்கும் கொஞ்சம் மங்கலாகவே இருந்தது. அன்று மாலையே மானியப் பிரிவில் பென்சில்கள் எல்லாம் பூட்டி வைக்கப்பட்டன, அந்த ரப்பர் மட்டும் சாமி படத்தடியில் ஏறியது.

அதற்குப் பிறகு எல்லாருக்கும் ஒன்று தெளிவாகிவிட்டது. பட்டியல் ரத்தானால் இவர்கள் இல்லை.

தலைவருக்கும் அது தெரியும். ஆனால் பொன்விழா மேடைக்கு இன்னும் பதினைந்து நாள்தான் இருந்தது, ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. பட்டியல் நிஜமென்றால் இவர்களை மேடையில் ஏற்றலாம், பொய்யென்றால் விழாவுக்கு முன்னால் ரத்து செய்துவிடலாம் என்று முடிவு கட்டி, விசாரணைக்காக வைத்தியலிங்கம் என்ற ஓய்வு பெற்ற தணிக்கையாளரைச் சென்னையிலிருந்து வரவழைத்தார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை.

கோகிலவாணி ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தாள். ஆள் வேண்டுமென்று கேட்டது நான், பட்டியல் பொய்யென்று தெரிந்தே கையெழுத்துப் போட்டதும் நான் என்று, அவள் கையெழுத்தில், ஒரே பக்கம். அதைக் கொடுத்துவிட்டால் நெஞ்சில் கிடக்கும் கல் இறங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும். கைப்பையில் அதை வைத்துக்கொண்டு நான்கு முறை தலைவரின் அறைக் கதவு வரை போனாள். நான்கு முறையும் வராந்தா ஜன்னல் வழியாகத் தையல் இயந்திரங்களின் சத்தம் கேட்டுத் திரும்பி வந்தாள். வேலை போகும் என்ற பயம் அவளுக்கு இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் அது சின்னப் பயம். பெரிய பயம் அந்தச் சத்தம் நின்றுவிடுமே என்பது.

விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம், மேற்படி தனியாக அவள் அறைக்கு வந்தாள். தனியாக என்றால், சொர்ணாத்தாள் கதவருகே நிற்க, அவளுக்குப் பின்னால். சொர்ணாத்தாள் சாப்பிட்டால் இவளுக்கு வயிறு நிறையும், சொர்ணாத்தாளுக்குத் தலைவலி வந்தால் இவள் நெற்றியைத் தேய்த்துக்கொள்வாள். அதற்கு மேல் இவளிடம் சொந்தமாக ஒரு தும்மல் கூடக் கிடையாது.

"உனக்கு என்ன வேணும்மா?" என்றாள் கோகிலவாணி.

"சொர்ணாத்தாளுக்கு வேண்டியதுங்க."

"அதில்ல. உனக்கு."

மேற்படி வெகு நேரம் யோசித்தாள். சொர்ணாத்தாள் யோசிக்காமல் நின்றுகொண்டிருக்கும்போது அவள் யோசித்தாள் என்பதை கோகிலவாணி கவனித்தாள்.

"இருக்கோணுங்க" என்றாள் மேற்படி. "அவ்வளவுதானுங்க. இருக்கோணும்."

அந்தச் சொல்லுக்குப் பின்னால் மகிழ்ச்சி என்று அவள் சொல்லவில்லை. கோகிலவாணிக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்ட அறையில் தலைவர், வைத்தியலிங்கம், கோகிலவாணி, ஊர்ச் சாட்சியாக மயிலாத்தாள். சுதந்திரராஜன் முதல் ஆளாகச் சாட்சி சொல்லி, நான் எழுதிக் கொடுத்தது எல்லாம் மேடத்துக்குத் தெரியும் என்று மட்டும் முனகி, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பதற்குள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனவர் திரும்பவில்லை. பெண்கள் ஒவ்வொருவராக வந்து ஒப்பித்தார்கள். வைத்தியலிங்கம் மெலிந்த மனிதர், சிவப்பு மைப் பேனாவை மூடியைக் கழற்றாமல் பக்கத்தில் வைத்திருந்தார். ஐம்பத்தேழு பேருக்குக் கணவர் ஒரே பழனிச்சாமியாக இருந்ததைக் கூட, அந்த வட்டாரத்தில் அது சாதாரணப் பெயர்தான் என்று விட்டுக்கொடுத்தார். நாற்பது வீட்டில் இத்தனை பேர் எப்படி என்று கேட்டதற்கு மயிலாத்தாள், சொந்தக்காரர்கள் ஏராளம் என்ற கணக்கில், "ஒறம்பரை சனம் நெம்பங்க" என்றாள். கோகிலவாணி திடுக்கிட்டு அவளைப் பார்த்தாள். மயிலாத்தாள் இவள் பக்கமே திரும்பவில்லை.

பிறகு நூற்றுப் பதினெட்டு. சொர்ணாத்தாள் வெளியே போய்விட்டாள். முன்னால் யாரும் இல்லாமல் மேற்படி முதன்முதலாக நின்றாள்.

"பேரு?"

"மேற்படிங்க."

வைத்தியலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். "அது பேரில்லைம்மா. மேலே எழுதினதேதான்னு அர்த்தம். உங்க பேரைச் சொல்லுங்க."

"மேற்படிங்க."

"மேலே இருக்கறது சொர்ணாத்தாள். அப்ப நீங்களும் சொர்ணாத்தாளா? அதே வயசு, அதே கணவர், அதே ஊர்? அப்படின்னா ஒரே ஆளை ரெண்டு தடவை எழுதியிருக்காங்க. அதுவும் இல்லைன்னா இது எழுதத் தெரியாம எழுதின பொய்." அவர் கோகிலவாணி பக்கம் திரும்பினார். குரலில் வருத்தம் இருந்தது. "மேடம், உங்க விதியைத்தான் வாசிக்கறேன். ஒரு பெயர் தவறென்று தெரிந்தாலும் பட்டியல் முழுவதும் ரத்து." பேனாவின் மூடி கழன்றது.

வெளியே கூடத்தில் தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கோகிலவாணி கைப்பையைத் திறந்தாள், கை கடிதத்தின் மேல் பட்டது. எடுத்துக் கொடுத்தாலும் போவார்கள், கொடுக்காவிட்டாலும் போவார்கள். மேற்படியின் சேலை நுனி அப்போதே நிறம் குறைவது போல அவளுக்குத் தோன்றியது.

"ஏனுங்க சாமி" என்றாள் மயிலாத்தாள். "சித்தெ நிறுத்துங்க. அது பேருதானுங்க."

"என்னம்மா சொல்றீங்க?"

"எங்கூருக் கரட்டுல ஏறோணும்னா ரண்டு படியிருக்குதுங்க. பாறைல வெட்டுன படி. கீழ்ப்படில விநாயகரு. மேல்படில எங்க ஆத்தா. மேற்படியாத்தான்னு சொல்லுவோம். பொறந்து தங்காத புள்ளைகளுக்கு அவ பேர வெச்சாத்தான் தங்கும். இவளுக்கு முன்னால ரண்டு தங்கல, அதனால இவளுக்கு வெச்சாங்க."

வைத்தியலிங்கம் தன் குறிப்பைப் புரட்டினார். "நான் புதன்கிழமை உங்க ஊருக்கு வந்தேனே. அப்படி ஒரு கோயிலும் பார்க்கலியே."

"ஜீப்ப விட்டு எறங்குனீங்களாங்க?"

அவர் இறங்கவில்லை. வெயில் கடுமையாக இருந்தது. பேனா மேசைக்கு மேல் ஒரு விரற்கடையில் நின்றது.

கோகிலவாணி மயிலாத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது நாளாகக் கேட்டில் உட்கார்ந்து, எங்கள் பங்கு எங்கே என்று தொண்டை கிழியக் கத்தியவள், அந்தப் பங்கை ஐந்து வருடத்துக்கு மூடிவிடுகிற ஒரு சாமியை, பாறையும் படியும் வைத்து, ஒரு நிமிடத்தில் கட்டி முடித்துவிட்டாள். அவளுக்கு இதில் ஒரு கணக்கும் இருந்தது, பின்னால் அவளே சொன்னாள்: ஊரில் ஆள் பத்தாது என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், இருநூறு பேர் வந்து குடியேறினால் பஸ் வரும், தையலும் வீட்டுக்கே வந்து சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் அந்த நேரத்தில் அவள் கண் முன்னால் இருந்தது தயிர்சாதத் தட்டுக்கு அந்தப் பக்கம் வெளுத்துப் போன ஒரு முகம்தான்.

"ஊரார் ஆயிரம் சொல்லலாம்" என்றார் வைத்தியலிங்கம் கடைசியில். "மேடம், நீங்க சொல்லுங்க. பத்தொன்பது வருஷத்துல ஒரு பொய் அறிக்கையை நீங்க விட்டதில்லைன்னு எனக்குச் சென்னையிலயே சொன்னாங்க. நீங்க சொன்னா எழுதிக்கறேன், வேற சாட்சி வேண்டாம். நீங்க கையெழுத்துப் போட்டப்போ இந்த அம்மா இருந்தாங்களா?"

உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற ஆசை, தாகம் எடுத்தவளுக்குத் தண்ணீர் மேல் வருகிற ஆசை போல, கோகிலவாணிக்குத் தொண்டை வரை வந்தது. சொன்னால் தூங்கலாம். சொன்னால், தவறினாலும் ஒத்துக்கொண்டவள் என்று பெயர் மிஞ்சும். அவள் சேர்த்து வைத்திருந்தது அந்த ஒன்றைத்தான், வீடு வாசல் கூட அதற்கு அப்புறம்தான். அவள் மேற்படியைப் பார்த்தாள். மேற்படி கைகளைக் கோத்துக்கொண்டு, யாரையும் பார்த்துச் செய்யாமல், தானாக மூச்சு விட்டுக்கொண்டு நின்றாள்.

"இருந்தாங்க" என்றாள் கோகிலவாணி. "நான் நேர்ல பார்த்தேன்."

வைத்தியலிங்கம் அதை அப்படியே எழுதி, பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். தலைவர் நீளமாக மூச்சு விட்டார். மயிலாத்தாள் எழுந்து, மேற்படியின் கையைப் பிடித்து, "வா அம்மிணி, மத்தவங்களக் கூப்புடு, பொழுதுக்குள்ள ஊரு போய்ச் சேரோணும்" என்றாள்.

கல்லாங்காட்டுவலசில் அந்த வாரமே ஆண்கள் பாறையில் படி வெட்டினார்கள். கீழ்ப்படிக்கு ஒரு விநாயகர், மேல்படிக்கு மஞ்சள் பூசிய ஒரு கல். வைகாசியில் பஸ் வந்தது. அடுத்த வருடம் மேற்படிக்கு ஒரு பெண் பிறந்தது என்றும், படிவத்தில் கட்டம் இல்லாத அந்தக் குழந்தை பிறந்ததும் வீறிட்டு அழுதது என்றும், அதைக் கேட்டு இருநூற்றுப் பதினாறு பெண்களும் எப்படி அழுவது என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டு, விடிய விடிய அழுது தீர்த்தார்கள் என்றும் சொல்கிறார்கள். மேல்படிக் கல்லுக்கு இப்போது தாராபுரத்திலிருந்தெல்லாம் தொட்டில் கட்ட வருகிறார்கள்.

கோகிலவாணி ஆனி மாதம் வேலையை விட்டாள். உடம்புக்கு முடியவில்லை என்று காரணம் எழுதினாள். கடிதம் கைப்பையிலேயே இருந்து மடிப்பில் கிழிந்தது. கொடுக்கவும் முடியாது, எரித்துவிட்டு மறக்கவும் அவளால் ஆகவில்லை. அவள் சேவையை மறக்கக் கூடாதென்று அறக்கட்டளை அவள் பெயரில் ஒரு விருது ஏற்படுத்தியது. ஒவ்வொரு வருடமும் முந்நூறு தொண்டு நிறுவனங்களில் பொய்யே கலக்காத அறிக்கை தந்த ஒருவருக்கு, கோகிலவாணி நேர்மை விருது. அதை அவள் கையால் கொடுக்க வேண்டும் என்று கார் அனுப்புவார்கள். வர மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்று ஆரம்பித்தால் அது நூற்றுப் பதினெட்டாம் வரியில் போய் நிற்கும். அதனால் அவள் ஒவ்வொரு வருடமும் நல்ல சேலையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு போகிறாள், மேடை ஏறுகிறாள், தன்னைப் பற்றி வாசிக்கிற எல்லாவற்றையும் தலை குனியாமல் கேட்கிறாள், கைதட்டல் ஓயும் வரைக்கும் அங்கேயே நிற்கிறாள்.